எரிமலையில எரியுறது எது?

வெண்பா_அப்பா · ஞாயிறு, இரவு 10.42

மகள் ஏழாவது படிக்கிறா. வர்ற வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்துல அறிவியல் கண்காட்சி. எல்லா வருசமும் எல்லா ஊர்லயும் வைக்கிற அதே எரிமலை மாடல்தான். களிமண்ணுல மலை, நடுவுல மாத்திரை டப்பா, டப்பாக்குள்ள ஆப்ப சோடா, மேல வினிகர், நிறத்துக்குக் கேசரி பவுடர். நுரை பொங்கி வழியும், ஹெச்எம் கைதட்டுவாங்க, முடிஞ்சது கதை.

நேத்து மலைக்குப் பச்சைப் பெயின்ட் அடிச்சுக்கிட்டே கேட்டா: "அப்பா, எரிமலையில என்னப்பா எரியுது? கரியா, பெட்ரோலா?" நானும் பெரிய மனுசனாட்டம், "பூமிக்கு நடுவுல நெருப்பு இருக்கும்மா, அதுதான் வெளிய வருது"ன்னேன். "விளக்கு மேல டம்ளரைக் கவுத்தா அணைஞ்சு போகுதே, பூமிக்குள்ள காத்து ஏது?"ன்னுட்டா. நேரமாச்சு தூங்குன்னு சொல்லித் தப்பிச்சேன்.

விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. இணைப்பு மட்டும் போட்டுட்டுப் போயிடாதீங்க, அது எனக்கும் போடத் தெரியும்.

ரோஸ்மில்க் · ஞாயிறு, இரவு 10.50

எதிர்வீட்டுக்காரன் புது கார் எடுத்தா நமக்கு ஒண்ணு எரியுமே, அதேதான் அங்கயும் எரியுது.

கல்லுளிமங்கன் · ஞாயிறு, இரவு 11.35

ஜியாலஜி படிச்சுட்டு இருபது வருசமா கிரானைட் குவாரிக்காரங்களுக்கு ரிப்போர்ட் எழுதிக்கிட்டு இருக்கேன். எரிமலையைப் பத்தி இதுவரைக்கும் ஒருத்தரும் என்கிட்ட கேட்டதில்ல. அதனால நீளமாத்தான் போகும், பொறுத்துக்கங்க.

முதல் பதில்: எதுவுமே எரியல. கொல்லன் பட்டறையில கடப்பாரை நுனியைக் காய்ச்சி வெளிய எடுக்குறப்ப செக்கச்செவேல்னு இருக்குமில்லையா, இரும்பு எரியுதுன்னா சொல்லுவோம்? சூடு ஏறினா எந்தப் பொருளும் ஒளி விடும். மலையில வழியுறது உருகின பாறை. ஹவாய்ல வழியுற பசால்ட் குழம்பு 1,100லேருந்து 1,200 டிகிரி செல்சியஸ் வரைக்கும் இருக்கும். அந்தச் சூட்டுல கல்லு மின்னுது, அவ்வளவுதான். போற வழியில மரமோ வீடோ இருந்தா அது எரியும். அந்த நெருப்பு மரத்தோடது, மலையோடது இல்ல. காத்து எங்கேருந்து வரும்னு உங்க பொண்ணு கேட்டா பாருங்க, அந்த ஒரு கேள்வியிலயே பாதி ஜியாலஜி முடிஞ்சது.

ரெண்டாவது, நீங்க அவளுக்குச் சொன்ன "பூமிக்கு நடுவுல". நடுவுல இருக்குறது இரும்பு. 2,900 கிலோமீட்டர் ஆழத்துக்குக் கீழதான் அது ஆரம்பிக்குது. எரிமலைக் குழம்பு அங்கேருந்து வர்றதில்ல. பெரும்பாலும் ஒரு நூறு கிலோமீட்டர் ஆழத்துல ஊறுது. பூமியை உரிச்ச தேங்காய் அளவுக்குச் சுருக்கினா அந்த ஆழம் ஓட்டோட பாதித் தடிமனுக்குக்கூட வராது. அந்த ஓட்டுக்குக் கீழ குழம்புக்கடல் ததும்பிக்கிட்டு இருக்குன்னு நாம சின்னதுல படம் வரைஞ்சோமே, அதுவும் தப்பு. ஓட்டுக்கும் நடு இரும்புக்கும் இடையில இருக்குற மேன்டில் கெட்டிப் பாறை. நிலநடுக்கத்துல எஸ் அலைன்னு ஒண்ணு உண்டு, அது திரவத்துக்குள்ள போகாது. மேன்டிலுக்குள்ள தாராளமா போகுது. அப்ப அது கெட்டிதானே?

வெண்பா_அப்பா · திங்கள், காலை 6.20

அண்ணே, ராத்திரியே படிச்சுட்டேன். தூக்கம் போச்சு. கீழ இருக்குறது கெட்டிப் பாறைன்னா உருகின குழம்பு எங்கேருந்து வருது? யார் அடுப்பு மூட்டுறா?

கல்லுளிமங்கன் · திங்கள், காலை 7.05

யாரும் மூட்ட வேண்டாம். சூடு ஏற்கெனவே அங்க இருக்கு. அந்தச் சூட்டுக்குப் பாறை உருகியிருக்கணும், ஆனா மேல இருக்குற எடை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு உருக விடாம வச்சிருக்கு. குக்கருக்குள்ள தண்ணி 120 டிகிரியில இருந்தாலும் கொந்தளிக்காம அடங்கிக் கிடக்கும். வெயிட்டைத் தூக்கிப் பாருங்க, அந்த நிமிசமே பொங்கும். சூட்டைக் கூட்டவே வேண்டியதில்ல, அழுத்தத்தைக் குறைச்சா போதும். ஐஸ்லாந்துல நடக்குறது இதுதான். அங்க ரெண்டு நிலத்தட்டும் (பூமி ஓட்டோட பெரிய துண்டுகள்) விலகிப் போகுது, கீழ இருக்குற பாறை மேல ஏறுது, ஏற ஏற அழுத்தம் குறையுது, உருகுது. ஹவாய்லயும் ஆழத்துலேருந்து சூடான பாறை ஏறி வந்து இப்படித்தான் உருகுது.

இன்னொரு வழி தண்ணி. இந்தோனேசியா, ஜப்பான், பிலிப்பைன்ஸ், ஆண்டீஸ் மலைத்தொடர், நம்ம அந்தமான் கடல் எல்லாம் இந்த ரகம். கடலடித் தட்டு இன்னொரு தட்டுக்கு அடியில நுழைஞ்சு இறங்குறப்ப, கோடிக்கணக்கான வருசமாக் கடல்ல ஊறினதால பாறைக்குள்ள பிடிச்சு வச்சிருக்குற தண்ணியையும் கூட்டிக்கிட்டுப் போகுது. ஆழத்துல அந்தத் தண்ணி பிரிஞ்சு மேல இருக்குற சூடான பாறைக்குள்ள ஏறுது. ஐஸ்காரர் பெட்டியில ஐஸ் மேல உப்பு போடுவாரே, உப்பு பட்ட ஐஸ் பூஜ்யத்துக்குக் கீழயும் உருகும். அதே மாதிரி தண்ணி பட்ட பாறை வழக்கத்தைவிடக் கம்மியான சூட்டுலயே உருகிடும்.

இந்த ரக எரிமலைக்கு மூல காரணம் தண்ணின்னு பொண்ணுகிட்ட சொல்லிப் பாருங்க, முகத்தை அப்படியே போட்டோ எடுத்துப் போடுங்க.

சமையல்கட்டு · திங்கள், காலை 11.10

எனக்கு ஜியாலஜி தெரியாது. ஆனா ஒரு சந்தேகம். டிவியில ரெண்டு விதமா காட்டுறாங்க. ஒண்ணு ஹவாய்ல தேன் மாதிரி வழிஞ்சு ஓடுது, ஆளுங்க பக்கத்துல நின்னு செல்ஃபி எடுக்குறாங்க. இன்னொண்ணு குண்டு போட்ட மாதிரி வெடிச்சு ஊரே காலி. ரெண்டுமே உருகின கல்லுதானே?

நானா யோசிச்சது இது, சிரிக்காதீங்க. ரசம் நுரை கட்டி வர்றப்ப பொங்கும், வழியும், அடுப்பு அணையும், ஆனா தெறிக்காது. கேப்பைக்களி கிண்டுறப்ப அப்படி இல்ல. ஒண்ணும் நடக்காத மாதிரி சும்மா இருக்கும். திடீர்னு 'ப்ளக்'னு ஒரு குமிழ் உடைஞ்சு முழங்கை வரைக்கும் தெறிக்கும். என் இடது கையில இன்னும் தழும்பு இருக்கு.

கல்லுளிமங்கன் · திங்கள், மதியம் 1.15

அக்கா, யார் சிரிப்பா? நான் ரெண்டு செமஸ்டர் படிச்சதை ரெண்டு வரியில முடிச்சுட்டீங்க.

கல்லுக்குள்ள சிலிக்கா (மணல்ல இருக்குற அதே சரக்கு) எவ்வளவு இருக்குங்கிறதுதான் பதம். பசால்ட்ல எடைக்கு நூத்துக்கு ஐம்பது பங்கு. அது ரசம். ஆண்டசைட், டேசைட்ங்கிற கல்லுல அறுபது, அறுபத்தஞ்சுன்னு ஏறும். அது களி. ரயோலைட்டுக்கு எழுபதுக்கு மேல, கரண்டியே நிக்கும்.

களிக்குள்ள குமிழ் எங்கேருந்து வருது? தண்ணிதான். அடுப்புச் சூட்டுல நீராவியாகி மாட்டிக்கிட்டு நிக்குது. மாக்மாவுலயும், அதாவது இன்னும் பூமிக்குள்ள இருக்குற உருகின பாறையிலயும், தண்ணி, கார்பன் டை ஆக்சைடு, கந்தக வாயு எல்லாம் கரைஞ்சிருக்கும். வெடிக்கிற ரகத்துல தண்ணி மட்டுமே எடைக்கு நூத்துக்கு நாலஞ்சு பங்கு. ஆழத்துல அழுத்தம் இருக்குறவரைக்கும் அது கரைஞ்சே கிடக்கும், கண்ணுக்குத் தெரியாது. மாக்மா மேல ஏற ஏறக் குமிழாகும். ஒரு லிட்டர் தண்ணி நீராவியானா வெளிக்காத்தழுத்தத்துல ஆயிரத்து எழுநூறு லிட்டர் இடம் கேட்கும். ரசமா இருந்தா குமிழ் நழுவி மேல போயிடும். களியா இருந்தா நழுவ வழியில்ல. கடைசியில குமிழெல்லாம் சேர்ந்து கல்லையே தூள் தூளாக் கிழிச்சுக்கிட்டு வெளிய பாயும். வெடிப்புங்கிறது அதுதான். சூடு இல்ல, மாட்டிக்கிட்ட வாயு.

ரோஸ்மில்க் · திங்கள், மதியம் 1.40

அப்ப மலை வாயில நாலு லோடு ரெடிமிக்ஸ் கொட்டி அடைச்சுட்டா? சீரியஸாத்தான் கேட்கறேன்.

கல்லுளிமங்கன் · திங்கள், மதியம் 2.00

அடைச்சா என்ன ஆகும்னு கொஞ்ச நேரத்துல சொல்றேன், அதுக்குன்னே ஒரு மலை இருக்கு. வழியுற குழம்பைத் தடுக்கலாமான்னு கேட்டா, தடுத்திருக்காங்க. 1973ல ஐஸ்லாந்துக்கிட்ட ஹெய்மே தீவுல குழம்பு துறைமுக வாயை மூட வந்துச்சு. மாசக்கணக்காக் கடல்தண்ணியைப் பீய்ச்சி அடிச்சு முன்பக்கத்தை உறைய வச்சு நிறுத்தினாங்க. துறைமுகம் தப்பிச்சது. நூத்துக்கணக்கான வீடு போச்சு. அது ரசம் வகைங்கிறதால முடிஞ்சது.

பழைய_புலவர் · திங்கள், மாலை 5.30

ஓய்வு பெற்ற தமிழாசிரியன் நான். கல்லுளிமங்கன் ஐயா சொல்வதைப் படித்தால் "எரிமலை" என்ற சொல்லே பிழை என்று பிள்ளைகள் முடிவு கட்டிவிடுவார்கள் போலிருக்கிறது. அதனால் ஒரு வார்த்தை.

மாலையில் வீட்டுக்கு வந்ததும் "லைட் எரியுதா?" என்று கேட்கிறோம். பல்புக்குள் எது எரிகிறது? ஒன்றும் இல்லை. ஒளிர்கிறது. அதைத்தான் எரிகிறது என்கிறோம். கண் எரிகிறது, வயிறு எரிகிறது, மிளகாய் பட்ட கை எரிகிறது. எங்கே அங்கே தீ? தமிழில் எரிதல் என்பது தீப்பற்றுதல் மட்டும் அன்று. ஒளிர்வதும் எரிதல், காந்துவதும் எரிதல். விளக்கு எரிவதுபோல் எரிகிற மலை எரிமலை. பிழை எங்கே வந்தது?

கல்லுளிமங்கன் · திங்கள், மாலை 6.10

ஐயா, சரண்டர். பழைய குண்டு பல்புல டங்ஸ்டன் கம்பி மின்னுறதும் வெளிய வழியுற குழம்பு, அதான் லாவா, மின்னுறதும் ஒரே இயற்பியல். இத்தனை வருசமா இந்தச் சொல்லைக் குறை சொல்லிக்கிட்டு இருந்தேன். இனிமே சொல்ல மாட்டேன்.

ஆனா "சாம்பல்", "புகை"ங்கிற ரெண்டு சொல்லையும் விட மாட்டேன். ஆளைக் கொல்ற சொல்லு அது ரெண்டும். பினாட்டுபோ கதையைச் சொல்லித்தான் விளக்கணும். சாப்பிட்டுட்டு வர்றேன்.

கல்லுளிமங்கன் · திங்கள், இரவு 9.25

பிலிப்பைன்ஸ்ல லூசான் தீவு. பினாட்டுபோன்னு ஒரு மலை. ஐந்நூறு வருசமாப் பேச்சு மூச்சு இல்ல. காடு மூடிப் போய், சரிவுல ஆய்ட்டா பழங்குடி மக்கள் பயிர் பண்ணிக்கிட்டு இருந்தாங்க. அது எரிமலைங்கிற நினைப்பே அந்தப் பக்கத்துல பலருக்கு இல்ல. அடிவாரத்துக்கிட்ட கிளார்க் அமெரிக்க விமானப்படைத் தளம்.

1991 ஏப்ரல் 2ந்தேதி மலையோட ஒரு பக்கம் நீராவி வெடிச்சுக் கிளம்பினது. பிலிப்பைன்ஸ் எரிமலை நிறுவனத்து ஆளுங்களும் அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்து ஆளுங்களும் போய் நிலநடுக்கமானிகளை வச்சாங்க. மலையிலேருந்து வர்ற கந்தக டை ஆக்சைடை அளந்தாங்க. மே மாசம் நாளொன்றுக்கு 500 டன். ரெண்டே வாரத்துல 5,000 டன். அப்புறம் சட்டுனு இறங்கிடுச்சு.

ரோஸ்மில்க் தம்பி, உங்க ரெடிமிக்ஸுக்கு இதுதான் பதில். இறங்கினதைப் பார்த்து "அடங்கிடுச்சு"ன்னு சந்தோசப்பட்டிருந்தா எல்லாரும் காலி. வாயு குறையல, வெளிய வர்ற வழி அடைச்சிருக்கணும், உள்ள அழுத்தம் ஏறுதுன்னு கணக்குப் போட்டாங்க. குக்கர்ல விசில் வராம நின்னா அடுப்பு அணைஞ்சுதுன்னா அர்த்தம்?

ஆனா ஜனங்களை நம்ப வைக்கணுமே. ஐந்நூறு வருசம் தூங்கின மலைக்காக வீடு, மாடு, வயலை விட்டுட்டு யார் கிளம்புவா? மாரீஸ் கிராஃப்ட், கட்டியா கிராஃப்ட்னு பிரான்ஸ் தம்பதி எரிமலை எரிமலையாப் போய்ப் படம் எடுத்தவங்க. அவங்க எடுத்த ஆபத்து விளக்க வீடியோவை ஊர் ஊராப் போட்டுக் காட்டினாங்க. அதைப் பார்த்துத்தான் பல அதிகாரிகளுக்கு உறைச்சது. அதே வருசம் ஜூன் 3ந்தேதி அந்தத் தம்பதி ஜப்பான்ல உன்சென் மலையில சுடுசாம்பல் பெருக்குல மாட்டி இறந்து போனாங்க. அவங்களோட சேர்த்து 43 பேர்.

ஜூன் 10ந்தேதி கிளார்க் தளத்துலேருந்து ஏறக்குறைய 15,000 பேரை வெளிய அனுப்பினாங்க. 12ந்தேதி முதல் பெரிய வெடிப்பு. 15ந்தேதி உச்சம். தூளும் வாயுவும் சேர்ந்த தூண் 35 கிலோமீட்டர் உயரத்துக்கு ஏறினது. முடிஞ்சப்ப மலை முன்ன இருந்ததைவிட 250 மீட்டருக்கும் மேல குட்டையா இருந்தது. உச்சி இருந்த இடத்துல பள்ளம், இப்ப அதுல ஏரி.

இப்ப சாம்பல். நாம அடுப்புச் சாம்பல் பார்த்தவங்க. ஊதினாப் பறக்கும், தண்ணியில கரையும், பாத்திரம் தேய்க்கலாம். எரிமலைச் சாம்பல் சாம்பலே இல்ல. கிழிஞ்சு தூளான கல்லும் கண்ணாடியும். எம்-சாண்டை மைதா மாதிரி அரைச்சுத் தலையில கொட்டினா எப்படி? நனைஞ்சா எடை கிட்டத்தட்ட ரெட்டிப்பாகும். கரையாது, சிமென்ட் பால் மாதிரி இறுகும். உச்ச வெடிப்பு நடந்த அதே 15ந்தேதி யூன்யா புயலும் பக்கத்துல கடந்து போச்சு. கூரை மேல சாம்பல், சாம்பல் மேல அடைமழை. வெடிப்பு நேரத்துல செத்தவங்கள்ல பெரும்பாலானவங்க குழம்புல செத்தவங்க இல்ல. நனைஞ்ச சாம்பல் எடை தாங்காமக் கூரை இடிஞ்சு விழுந்து, பாதுகாப்புன்னு நினைச்சு உள்ள உட்கார்ந்திருந்தவங்க. 'புகையும் சாம்பலும்தானே'ன்னு நினைக்க வைக்குற சொல்லைத்தான் கொல்ற சொல்லுன்னு சொன்னேன்.

கதை அதோட முடியல. முகாம்ல அம்மை பரவி ஆய்ட்டா குழந்தைகள் நிறையப் பேர் செத்தாங்க. அப்புறம் வருசா வருசம் மழைக்காலத்துல சரிவுல கிடந்த சாம்பல் சேறாப் பெருக்கெடுத்து இறங்கினது. லஹார்னு பேர், ஜாவாக்காரங்க சொல்லு. 1995ல பகோலோர்ங்கிற ஊரே புதைஞ்சது. அங்க சான் கில்லெர்மோன்னு ஒரு பழைய தேவாலயம், பாதிச் சுவர் வரைக்கும் சேறு. பழைய ஜன்னல்தான் இப்ப வாசல். நம்ம ஊர்க் கோயில் பிராகாரத்துல ஜன்னல் வழியா ஏறிப் போற மாதிரி நினைச்சுக்கங்க.

இத்தனைக்கும் இது ஜெயிச்ச கதை. முன்கூட்டியே கிளப்பினதால ஆயிரக்கணக்கானவங்க தப்பிச்சாங்க. தோத்த கதை வேணும்னா கொலம்பியாவுல 1985 நவம்பர் 13. நெவாடோ டெல் ரூயிஸ் மலையில சின்ன வெடிப்புதான். உச்சியில இருந்த பனி உருகி லஹாரா இறங்கி ஆர்மெரோங்கிற ஊரை மூடினது. செத்தவங்க ஏறக்குறைய 23,000 பேர். அபாயம் எங்கெங்க வரும்னு வரைபடம் போட்டு ஏற்கெனவே கையில இருந்தது. ஊரைக் கிளப்பத்தான் ஆள் இல்ல.

நல்லூரான் · செவ்வாய், காலை 5.50

வணக்கம். யாழ்ப்பாணத்திலை இருந்து எழுதுறன். நல்ல இழை, விடிய எழும்பின உடனை முழுக்க வாசிச்சிட்டன்.

எங்கடை ஆக்களுக்கு 2004க்குப் பிறகு சுனாமி எண்டால் நிலநடுக்கம்தான் எண்ட எண்ணம். 2018 டிசம்பர் 22ந்திகதி இரவு இந்தோனேசியாவிலை அனக் கிரகட்டாவ் எரிமலையின்ரை ஒரு பக்கம் சரிஞ்சு கடலுக்குள்ளை விழுந்தது. சனம் ஓடுற அளவுக்கு ஒரு நிலநடுக்கமும் இல்லை. சுந்தா நீரிணையின்ரை ரண்டு கரையிலையும் அலை ஏறி நானூறுக்கு மேலை ஆக்கள் செத்தவை. "அனக்" எண்டால் பிள்ளை. 1883 ஓகஸ்டிலை வெடிச்ச கிரகட்டாவ் இருந்த இடத்திலை 1927லை கடலுக்குள்ளாலை எழும்பின பிள்ளை.

தாய் வெடிச்ச கதை உங்களுக்குத் தெரியும்தானே. 36,000க்கு மேலை சனம், அநேகமா எல்லாரும் அலையாலை செத்தவை. 4,800 கிலோமீற்றர் தள்ளி ரொட்ரீகஸ் தீவிலை பீரங்கி வெடிச்ச மாதிரிச் சத்தம் கேட்டதாம். இலங்கைக் கரையிலையும் கடல் உள்வாங்கித் திரும்பினது எண்டு அந்தக் காலப் பதிவுகள் இருக்கு. ஆரும் அதை ஞாபகத்திலை வச்சிருக்கேல்லை.

கடலோடி · செவ்வாய், காலை 9.30

நான் கப்பல்ல இன்ஜின் ரூம் ஆளு, இப்ப ரிட்டையர்டு. ஹால்டியாவுல சரக்கு ஏத்திட்டு மலாக்கா பக்கம் போற வழியில அந்தமான் கடல்ல இருக்குற பேரன் (Barren) தீவைத் தூரத்துலேருந்து பார்த்திருக்கேன். இந்தியாவுல உயிரோட இருக்குற ஒரே எரிமலை. போர்ட் பிளேருக்கு வடகிழக்கே 135 கிலோமீட்டர் இருக்கும். 1787ல வெடிச்சதா முதல் பதிவு. பத்தொன்பதாம் நூற்றாண்டுல அடங்கி, 1991ல மறுபடி முழிச்சது. அதே 1991! கல்லுளிமங்கன் சொன்ன பினாட்டுபோவும் உன்செனும் அதே வருசம்.

ராத்திரி வாட்ச் முடிச்சு மேல வந்தேன். இருட்டுல ஒரு சிவப்புப் புள்ளி. சிகரெட் இழுக்குறப்ப நுனி கனியுமே, அப்படிக் கனியும், மங்கும். பத்து நிமிசம் ஒண்ணும் இருக்காது, மறுபடி கனியும். சத்தம் ஒண்ணும் எங்களுக்குக் கேட்கல, இன்ஜின் சத்தம்தான். காலையில ஹேட்ச் மூடி மேல கறுப்பா மணல் மாதிரி படிஞ்சிருந்தது. விரல்ல தொட்டுத் தேய்ச்சேன், சாம்பல்தானேன்னு. நறநறன்னு. பல்லுலயும் அதே நறநற. சோத்துலயும் விழுந்திருக்கு, சமையல்காரன் மேல பழியைப் போட்டோம்.

இந்தத் தூள் விமானத்துக்கு எமன். 1982 ஜூன் 24ந்தேதி பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஒன்பதாம் எண் விமானம், போயிங் 747. லண்டன்லேருந்து ஆக்லாந்து வரைக்கும் போற சர்வீஸ், வழியில பம்பாய், மெட்ராஸ், கோலாலம்பூர். கோலாலம்பூர்லேருந்து பெர்த் போறப்ப ஜாவாவுல கலுங்குங் எரிமலை உமிழ்ந்த தூள் மேகத்துக்குள்ள நுழைஞ்சுடுச்சு. ராத்திரி, வெளிய தெரியல. ரேடார் மழைத்துளியைத்தான் காட்டும், காய்ஞ்ச தூளைக் காட்டாது. நாலு இன்ஜினும் ஒண்ணொண்ணா அணைஞ்சது. அந்தத் தூள் இன்ஜின் சூட்டுல உருகி உள்ள கண்ணாடியா ஒட்டிக்கிச்சு. கேப்டன் எரிக் மூடி, சின்னப் பிரச்சினை, நாலு இன்ஜினும் நின்னு போச்சுன்னு பயணிகளுக்கு நிதானமா அறிவிச்சாரு. சின்னப் பிரச்சினையாம்! கீழ இறங்க இறங்க இன்ஜின் ஆறி, ஒட்டினது உடைஞ்சு உதிர்ந்து, மறுபடி ஓட ஆரம்பிச்சது. முன்கண்ணாடி முழுக்க உப்புத்தாள் போட்டுத் தேய்ச்ச மாதிரி ஆகி ஒண்ணும் தெரியாமத்தான் ஜகார்த்தாவுல இறக்கினாங்க. 263 பேரும் பிழைச்சாங்க.

2010ல ஐஸ்லாந்து மலை வெடிச்சப்ப ஐரோப்பாவுல ஏறக்குறைய ஒரு லட்சம் விமானத்தை ரத்து பண்ணினாங்களே, அதுக்கும் இதுதான் காரணம். அன்னிக்கு ஏர்போர்ட்ல திட்டினவங்க எல்லாம் இந்தக் கதையைப் படிக்கணும்.

மலைக்கோட்டை · செவ்வாய், மதியம் 12.20

நம்ம ஊருக்கு வருமா? திருவண்ணாமலை பழைய எரிமலைன்னு வாட்ஸப்ல வருது. அப்புறம் எங்க சித்தப்பா ஊர்ல கரன்ட் கம்பத்தடியில மண்ணு உருகிக் குழம்பா வந்துச்சுன்னு கூட்டமாப் போய்ப் பார்த்தாங்க.

கல்லுளிமங்கன் · செவ்வாய், மதியம் 12.45

வராது. தட்டு எல்லைக்கு நாம ரொம்பத் தூரம். திருவண்ணாமலைப் பக்கம் இருக்குற பாறை ஆழத்துல உருவாகி, மேல இருந்தது அரிச்சுப் போய் வெளிய தெரியுற பழம்பாறை. அண்ணாமலையார் அக்கினித்தலம்ங்கிறது நம்பிக்கை, அதுல நான் தலையிட மாட்டேன், கார்த்திகைக்கு நானும் போவேன். ஜியாலஜி வேற கணக்கு. கம்பத்தடி விசயம்: உயரழுத்தக் கம்பியிலேருந்து மின்சாரம் கசிஞ்சு மண்ணுல இறங்கினா அந்த இடம் உருகிக் கண்ணாடியாகும். அதுதான் குழம்பு. கையில எடுக்குறதுக்கு முன்னாடி மின்வாரியத்துக்குப் போன் பண்ணச் சொல்லுங்க.

சமையல்கட்டு · செவ்வாய், மாலை 4.05

அப்ப ராமேஸ்வரத்துல தொட்டியில மிதக்க விட்டிருப்பாங்களே, அந்தக் கல்லு?

கல்லுளிமங்கன் · செவ்வாய், மாலை 4.40

பல இடத்துல அது ஓட்டை நிறைஞ்ச பவளக்கல். சிலது பியூமிஸா இருக்கலாம், எரிமலை உமிழ்ந்த நுரைக்கல். கையில எடுத்துப் பார்க்காமச் சொல்லக் கூடாது.

பியூமிஸை நீங்களே பார்க்கலாம். ஃபேன்சி ஸ்டோர்ல கால் பித்தவெடிப்புக்குத் தேய்க்குற கல்லு விக்கும். பல கடையில செயற்கைதான், உண்மையானது கிடைச்சா விடாதீங்க. பக்கெட் தண்ணியில போடுங்க, மிதக்கும். லென்ஸ் வச்சுப் பாருங்க, முழுக்கக் குமிழ், நடுவுல நூல் மாதிரி கண்ணாடிச் சுவர். உங்க களி 'ப்ளக்'னு உடையுறதுக்கு முந்தின நொடியில அப்படியே உறைஞ்சு போனது அது. வெடிப்போட போட்டோன்னே சொல்லலாம்.

ரோஸ்மில்க் · செவ்வாய், மாலை 5.15

சரி, இத்தனை கருவி இருக்கே. தேதி சொல்லிடலாம்தானே?

கல்லுளிமங்கன் · செவ்வாய், இரவு 8.30

மாக்மா ஏறி வந்தா பாறையை உடைச்சுக்கிட்டு வரணும், நிலம் நடுங்கும், உப்பும், வாயு மாறும். அதை வச்சு 'இன்னும் சில நாள்'னு சொல்லலாம், பினாட்டுபோவுல சொன்னாங்க. ஆனா மாக்மா ஏறாமலே, நிலத்தடித் தண்ணி சூடாகித் திடீர்னு வெடிக்குறதும் உண்டு. ஜப்பான்ல ஒன்டாகே, 2014 செப்டம்பர் 27, சனிக்கிழமை, நல்ல வெயில், இலையுதிர்கால நிறம் பார்க்க மலையேறினவங்க. உச்சியில மதியச் சாப்பாட்டு நேரம். 63 பேர் போனாங்க. எச்சரிக்கை அளவு அன்னிக்கு ஆகக் கீழ்ப்படியிலதான் இருந்தது. அதனால எவனாவது தேதி சொன்னா நம்பாதீங்க, விஞ்ஞானி வெளியேறுன்னு சொன்னா மட்டும் மாட்டைக்கூடத் தேடாமக் கிளம்பிடுங்க.

வெண்பா_அப்பா · வெள்ளி, இரவு 9.10

கண்காட்சி முடிஞ்சது. களிமண் மலையை அப்படியே வச்சா. ஆனா ஆப்ப சோடா வேண்டாம்னுட்டா. "அதுல ஆசிட்டும் சோடாவும் சேர்ந்து வாயு வருதுப்பா, எரிமலையில அப்படி இல்லல்ல"ன்னு கேட்டா. மலைக்கு முன்னாடி ரெண்டு டம்ளர். ஒண்ணுல தண்ணி, ஒண்ணுல கெட்டிக் கேப்பைக்கூழ். ரெண்டுலயும் ஸ்ட்ரா. வர்றவங்களை ஊதச் சொன்னா. தண்ணியில குமிழ் குபுகுபுன்னு வந்துட்டுப் போச்சு. கூழுல முதல்ல ஒண்ணும் வரல. கணக்கு டீச்சர் கன்னம் உப்ப அழுத்தி ஊதினாங்க, 'ப்ளக்'. அவங்க மூக்குக்கண்ணாடி, புடவை, பக்கத்துல நின்ன ஹெச்எம் சட்டை, மூணுலயும். ஹெச்எம் அதுக்கும் கைதட்டினாரு.

அட்டையில மிச்சமிருந்த பச்சைப் பெயின்ட்டுல எழுதி வச்சிருந்தா: "இங்கே எரிவது, லைட் எரிவதுபோல." புலவர் ஐயாவுக்கு அவ சார்பா வணக்கம். ரெண்டாம் பரிசு. முதல் பரிசு சொட்டுநீர்ப் பாசனத்துக்கு. ஒவ்வொரு வருசமும் அதுக்குத்தான்.

சமையல்கட்டு · வெள்ளி, இரவு 9.25

டீச்சர்கிட்ட சொல்லுங்க, கூழுக் கறை பச்சைத்தண்ணியில ஊற வச்சாலே போயிடும். நல்லவேளை கேசரி பவுடர் கலக்கல.